நாலாவது வீட்டு வெளிச்சம்

கெம்பஸில் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்து, கரண்ட் பாடக் கொப்பியை மேசையில் விரித்துப் போட்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய வயர்ச் சிக்கல். மறுபக்கம் ஒரே ஒரு பற்றரியும் ஒரு தடையும். "எவ்வளவு பெரிய சேர்க்கிட்டா இருந்தாலும், ரெண்டு முனையில நிண்டு பார்த்தா இவ்வளவுதான் மூத்தாப்பா. பெரிய தேற்றம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சாம் வகுப்போடு கொப்பியை மூடிய நான், இவளுடைய வாப்பா புதுமாப்பிள்ளையாக இருந்தபோதே அதைச் செய்து முடித்தவன்.

எனக்கு நாலு பெண்மக்கள். கல்முனையில் பெண்ணைக் கொடுத்தால் வீட்டையும் கொடுக்க வேணும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஒரே வளவில் நாலு வீடு எழுப்பினேன். வயர் இழுத்தவனும் நானே. ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்த கை இது. மீட்டர் மட்டும் மூத்தவள் வீட்டில். அங்கிருந்து இரண்டாவது வீடு, அதிலிருந்து மூன்றாவது, அதிலிருந்து நாலாவது, ரயில் பெட்டி மாதிரி.

நாலாவது மருமகன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விடிந்தால் முறைப்பாடு. "மாமா, காலையில மத்த மூணு வூட்டிலயும் அயன் போடுறாங்க. என்ட வூட்டு பல்பு மங்கிப் பழுத்துப்போகுது. எனக்கு மிச்சம்தானா? நான் உம்மாட வூட்ட போறன்."

மாப்பிள்ளை தாய் வீட்டுக்குத் திரும்பினால் நான் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்ட ஏலுமா? மகள் அழுதழுது அவருடைய சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது மருமகன் விஞ்ஞான வாத்தியார். நாலு வீட்டிலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நாலாவது வீட்டு பிளக்கில் வோல்ட் மீட்டரைக் குத்தினார். "இருநூத்தி முப்பது. லைன் சரி மாமா. சகலனுக்குத்தான் சூடு கூட."

படித்தவர்களின் அளவை அப்படித்தான். சும்மா நிற்கிற மாட்டைப் பார்த்து, வண்டி இழுக்கும் என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் மற்ற மூன்று வீட்டையும் அணைத்தபடியே வைத்து, நாலாவது வீட்டில் மகளின் அயனைப் போட்டேன். மீட்டர் இருநூறுக்குக் கீழே விழுந்தது. பல்பு பழுத்தது. மூத்த ராத்தாமார் மூவரும் குற்றமற்றவர்கள். குறைந்த வோல்ட்டை வழியில் கிடந்த வயர்தான் தின்றது; பேத்தியின் கொப்பியில் இருந்த அந்த ஒரு தடை. மற்ற வீடுகளுக்குத் தடித்த வயர். நாலாவதுக்கு மட்டும் மிஞ்சிக் கிடந்த மெல்லிய துண்டுகளை முறுக்கி முறுக்கி இழுத்தவன் யார்? பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்த அதே கை.

நாலாவது மருமகன் சொன்னது சரி. அவருக்கு மிச்சம்தான் கிடைத்திருந்தது.

"என்ன மாமா, பிழை எங்க?" என்று அவரே கேட்டார்.

"எலி, மகன். வயரக் கடிச்சிட்டு."

அன்று அஸர் தொழுகைக்கு முன் தடித்த வயர் போட்டேன். மருமகன் கட்டிவைத்த பையை அவிழ்த்தார். தேற்றத்துக்கு எவனோ வெள்ளைக்காரன் பேர் வைத்தானாம். வயரை மாற்றியவன் நான். மாற்றாவிட்டால் இந்தப் பேத்தி ஏது, கொப்பி ஏது?

இப்போது வீட்டுக்கொரு மீட்டர், நடுவில் மதில், எல்.ஈ.டி. பல்பு. எவள் எதைப் போட்டாலும் மங்காது. போன கிழமை மூன்றாவது மகள் வீட்டில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் எதுவும் மங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு மறுநாள்தான் தெரியும்.