அது வேற கொல்

பட்டறை வாசலில் நின்று யாராவது "வெல்டரே!" என்று கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். சம்மட்டியால் இரண்டு அடி கூடுதலாகவே போடுவார். வந்தவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்த பிறகுதான், "வெல்டர் அடுத்த தெருவுல. இங்க கொல்லன்தான் இருக்கான்" என்பார்.

வயது அறுபத்திரண்டு. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காலுக்குப் பதில் செம்புக் கம்பி. இரும்பு எவ்வளவு பழுத்திருக்கிறது என்று நிறம் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் விளக்கை அணைத்துவிடுவார். அதுவரை வந்தவர் இருட்டில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் கொல்லன் என்ற சொல்லுக்கே கூசியவர் அவர். "உங்கப்பா இன்னிக்கு எத்தனை பேரைக் கொன்னாரு?" என்று கேட்டுக் கேட்டே ஏழாம் வகுப்போடு அவரைப் பள்ளியிலிருந்து விரட்டினார்கள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினார்.

கூச்சத்தைப் போக்கியவளும் அந்த மகள்தான். உலோகத் தொழிலாளரின் பெயர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, ஓராண்டு பட்டறை பெஞ்சில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"தட்டுறதால தட்டான். கொல்லன் அப்படியில்லப்பா. பழைய தமிழ்ல கொல்னா இரும்பு, இரும்பு வேலை. சாகடிக்கிறது வேற கொல்."

உலையை மறந்து நின்றார். "அப்ப அத்தனை வருஷமும் என்னை அநியாயமாவா அழ வச்சானுங்க?"

அதன்பின் முடிவெட்டுகிறவரிலிருந்து தபால்காரர் வரை ஒருவரையும் விடவில்லை. "தெரியுமா, அது வேற கொல்!"

ஆய்வு நூலாயிற்று. வெளியீட்டு விழாவுக்குச் சலவைச் சட்டையில் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். விழா முடிந்ததும் மகளின் துறைத்தலைவர் அவருடைய காய்த்துப்போன கைகளைப் பார்த்துவிட்டு, "ஐயா யாரு?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். "என்னோட தகவலாளர், சார். இவர் பட்டறையிலதான் கள ஆய்வு பண்ணேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்று தலைவர் கைகுலுக்கினார்.

விடைபெறும்போது அப்பா மகளிடம் "வரேம்மா" என்று சொல்லவில்லை. "வரேங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு அவள் பட்டறைக்கு வந்தாள். "அவசரத்துல வாய் தவறிடுச்சுப்பா. உள்ள உங்க பேரு போட்டிருக்கேன்."

"எந்த இடத்துல?"

அவள் குரல் இறங்கியது. "கடைசிப் பக்கத்துல. தகவலாளர் பட்டியல்ல."

இரண்டு கைகளாலும் புத்தகத்தை நீட்டினாள்.

"கையெல்லாம் கரி" என்றார் அவர். சுவரோரம் கிடந்த, பழுத்த இரும்பைப் பிடிக்கும் நீண்ட குறட்டை எடுத்து நீட்டி, புத்தகத்தின் ஓரத்தைக் கவ்வி வாங்கினார்.