மூடி வைத்த எழுத்துகள்

உப்புத் தண்ணீரில் ஊறிய புளியம் விளார் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது 'விஷ்' என்று ஒரு சத்தம் எழும். சத்தம் முதலில், வலி பிறகு என்பதை அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் நான் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில், என் உள்ளங்கை தெரிந்துகொண்டது. தலைமையாசிரியரை நாங்கள் 'பெரிய வாத்தியார்' என்போம். பாடத்தை ஒப்பிக்கும்போது ஒரு சொல் தவறினால் கையில் ஓரடி, ஒரு வரி தவறினால் கெண்டைக்காலில் நாலடி. படித்தது புரிந்ததா என்று அவர் யாரையும் கேட்டதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து ஞானம்மா டீச்சர் புதிதாக வந்தார். அவர் கொண்டுவந்த படப் புத்தகத்தில் எழுத்துகளைக் காகிதப் பட்டையால் மூடிவிட்டு, படத்தை மட்டும் காட்டி, "இதுல என்ன நடக்குது? எதை வச்சி சொல்ற?" என்று கேட்பார். எல்லோரும் சொன்ன பிறகுதான் பட்டையை எடுப்பார். நாங்கள் நினைத்தது வரிகளில் இருக்கிறதா என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வாசிப்போம்.

அன்றைய படத்தில் உடைந்த குடம், அழும் சிறுமி, கம்பை ஓங்கிய ஓர் ஆள். அவள் உடைத்ததால் அடி விழுகிறது என்றேன் நான். தகரப் பெட்டி செய்பவரின் மகள் மும்தாஜ், ஒரு வரியைக்கூடத் திக்காமல் ஒப்பிக்க முடியாதவள், எழுந்தாள்.

"அவ உடைக்கல டீச்சர். ஓரத்துல நிக்கிற ஆட்டுக்குட்டி கால் ஈரமா இருக்குது பாருங்க. அந்த ஆளு ஆட்டப் பாக்கவே இல்ல."

வகுப்பே கைதட்டியது. அந்த இரைச்சல்தான் பெரிய வாத்தியாரை உள்ளே இழுத்து வந்தது. அவர் பட்டையைப் பிய்த்தெறிந்து மும்தாஜைப் படிக்கச் சொன்னார். இரண்டாவது சொல்லிலேயே அவள் திக்கினாள். நான்காவது அடிக்கு அவள் கையைப் பின்னுக்கு இழுக்க, விளார் விரல்களில் விழுந்தது. ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் மடிந்து நின்றது. அவள் அலறினாள். டீச்சர் ஓடிவந்து தன் கையைக் குறுக்கே நீட்டினார். பெரிய வாத்தியார் நிறுத்தவில்லை. கண்ணாடி வளையல்கள் நொறுங்கி டீச்சரின் மணிக்கட்டில் ஏற, ரத்தம் படத்தின் மேல் சொட்டியது. புத்தகத்தை இரண்டாகக் கிழித்து வீசிவிட்டுப் பெரிய வாத்தியார் வெளியேறியபோது, என் பாவாடை நனைந்திருந்தது.

டீச்சர் புகார் எழுதினார். விசாரணைக்கு அதிகாரி வருவதற்கு முந்தின நாள் முழுவதும் பெரிய வாத்தியார் எங்களை நிற்கவைத்து ஒரு புதுப் பாடம் ஒப்பிக்கச் செய்தார்: டீச்சர் வழுக்கி விழுந்தார், மும்தாஜின் விரல் கதவில் நசுங்கியது.

வீட்டில் நைனாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். பிறகு, "வாத்தியாரப் பகைச்சிக்கினா உன் படிப்பு நின்னுடும். சொல்லிக் குடுத்தத சொல்லிட்டு வந்துடு" என்றார்.

நன்றாகப் படிக்கும் பெண் என்பதால் அதிகாரி முதலில் என்னைத்தான் கேட்டார். ஒரு சொல்கூடத் தவறாமல் ஒப்பித்தேன். எனக்குப் பின்னால் முப்பது பேரும் அதையே சொன்னார்கள். மணிக்கட்டில் கட்டுடன் சுவரோரம் நின்றிருந்த டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மும்தாஜின் அப்பா அவளை மறுபடி பள்ளிக்கு அனுப்பவில்லை.

அந்த ஓட்டுக் கட்டடம் இன்று இல்லை. விளார் இல்லை, பெரிய வாத்தியாரும் இல்லை. புதுக் கட்டடத்தில் கயிறு கட்டிப் படப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் பார்க்கிறார்கள். சென்ற ஆண்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மும்தாஜ். பேரன் பேத்திகளைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, நான் தயங்கித் தயங்கி அந்த விசாரணை நாளைப் பற்றி எடுத்தேன்.

"தெரியும். பசங்க அப்பவே வந்து சொன்னாங்க," என்றாள், கோபமில்லாமல். "நீ நல்லா படிக்கிற பொண்ணு. அதான் ஒன்ன கேட்டாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்த, அவள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.