பானை ஏறாத அடுப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதக் கடைசியில் நடந்தது இது. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நான் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறி, கடற்கரைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு எழுத்தராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தமிழில் வரும் கெஞ்சல்களைப் பிரெஞ்சிலும், பிரெஞ்சில் வரும் மறுப்புகளைத் தமிழிலும் எழுதுவது என் வேலை. பிந்தியது அதிகம்.

சாரம் கிராமத்துக்குப் போகிற வழியில், பள்ளமான ஓரிடத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களின் குடிசைகள் இருந்தன. கோடையில் பற்றி எரியும், ஐப்பசியில் முழங்கால் வரை தண்ணீர் ஏறும். அவர்களுக்கு மேட்டு நிலத்தில் ஓட்டு வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஒரு குழு போட்டார்கள். குழு நல்ல எண்ணத்தில்தான் போடப்பட்டது. நல்ல எண்ணத்தில் போடப்பட்ட குழுக்களிடம்தான் நான் ஆயுள் முழுக்க மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறேன்.

எத்தனை குடும்பம் என்று தெரிந்தால்தானே எத்தனை வீடு என்று தெரியும்? அதற்கு ஒரு விதி செய்தார்கள். முன்பு ஏதோ ஒரு திட்டத்தில், மனைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வெற்றுக் குடிசை போட்டு, ஆள் இருப்பதாகக் காட்டி வீடு வாங்கிவிட்டார்களாம். அதனால் இந்த முறை குடிசையை எண்ணக் கூடாது, எரிகிற அடுப்பை எண்ண வேண்டும். அடுப்பு எரிந்தால் குடும்பம், எரியாவிட்டால் காலிக் குடிசை. குடும்பத்துக்கு வீடு, காலிக் குடிசைக்கு இடிப்பு. கேட்பதற்கு என்னமோ கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

எண்ணும் பொறுப்பு என் மேலதிகாரிக்கு. வெள்ளைக்காரர் அல்ல, நம்ம ஊர்க்காரர்தான். ஆனாலும் வெள்ளைக்காரரைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரை 'முசியே' என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் விருப்பம். கோட்டும் தொப்பியுமாக, பின்னால் ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டியில் அவர் முன்னே போக, நான் குடையும் மைக்கூடும் சுமந்து வண்டியோடு நடந்தேன். மத்தியான உலை வைக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பினார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

குடிசைப் பகுதியில் நுழைந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஆலைத் தொழிலாளி ஒருவர் இறந்துபோயிருந்தார். உடல் இன்னும் வாசலில் கிடந்தது. ஒரு தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும் வரை அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முசியேவுக்கும் தெரியும். அவர் குடியிருந்த தெருவிலும் அதுதான் வழக்கம்.

"இன்றைக்கு வேண்டாமே முசியே, நாளைக்கு வரலாம்" என்றேன்.

"ஆணையில் இன்றைய தேதி போட்டிருக்கிறது" என்றார். அதோடு குடிசை குடிசையாகக் குனிந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இறந்தவரின் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நடந்து, உள்ளே தலையை நீட்டி, குளிர்ந்த அடுப்பைப் பார்த்து, "எரியவில்லை" என்றார். நான் எழுத வேண்டும். எழுதினேன், ஓரத்தில் 'இன்று சாவு' என்றும் சேர்த்து. அதைப் பார்த்துவிட்டு, படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை என்று அவரே அடித்துவிட்டார்.

இப்படியாக, தெரு நிறைய ஜனங்கள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அங்கே ஒருவரும் குடியில்லை என்று அரசாங்கத்துக்கு அறிக்கை போயிற்று. குடிசைகளை மழைக்கு முன் இடித்து நிலத்தைச் சுத்தம் செய்யலாம் என்ற பரிந்துரையும் அதிலேயே இருந்தது.

விஷயம் எப்படியோ கசிந்து, இரண்டு நாள் கழித்து பெண்கள் சிலர் என் ஜன்னலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ஆலை வாசலில் ஆப்பம் விற்கிற அம்மா. அந்தத் தெருவுக்கே வாய் அவர்தான்.

"இன்னா ஐயா, நாங்கல்லாம் இல்லியாமே? அப்ப உன்னாண்ட பேசிக்கினு இருக்கறது யாரு, பேயா?"

வழிமுறைகள் எனக்கு அப்போதே தலைகீழ்ப் பாடம். பொறுமையாக விளக்கினேன். ஆட்சேபணை எழுத ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்தான் அதில் எழுதலாம். மறுபடி எண்ணச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் குழு ஆணையிட வேண்டும். பிழை நடந்ததாக அறிக்கை வந்தால்தான் குழு ஆணையிடும். அந்தப் பிழை அறிக்கையை எண்ணியவரே எழுத வேண்டும்.

"அதாவது, தப்பு பண்ணவரே தப்பு பண்ணேன்னு எழுதித் தரணும்."

"ஆமாம்மா."

"எழுதுவாரா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவர்கள் மேல் அல்ல. ஆனால் எதிரில் இருந்தவர்கள் அவர்கள்தானே. "என்னை என்னம்மா பண்ணச் சொல்றீங்க? அடுப்பைத் தூக்கிக்கிட்டு வந்து அவர் மூக்குக்கு நேரா மூட்டிக் காட்டுங்க, போங்க!" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கூட்டம் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் குழு எங்கள் அலுவலகத்தில் கூடியது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, ஓட்டு வீட்டின் முகப்பு தெருவோடு எப்படி ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காலையெல்லாம் அந்தக் கோடுதான். கூரைக்கு எந்த ஓடு என்ற இடத்துக்கு வந்தபோது ஒருவர் இருமினார். அப்புறம் இன்னொருவர். பிறகு எல்லோரும்.

எட்டிப் பார்த்தேன். முற்றம் முழுக்க அடுப்பு. பெரிய வாய்க்காலைத் தாண்டி, வெள்ளைக்காரத் தெருக்கள் வழியாக, மண் அடுப்பைத் தலையில் சுமந்து, விறகையும் பானையையும் இடுப்பில் இடுக்கி வந்து சேர்ந்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக வைத்து மூட்டியாயிற்று. சிலதில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆப்பக்கார அம்மா வேலையைக் கெடுத்துக்கொள்ளவில்லை, அங்கேயே ஆப்பம் சுட்டுக் காவல்காரர் ஒருவருக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

குழுத் தலைவர் வயதான வெள்ளைக்காரர், மூச்சிரைப்பு உள்ளவர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, இது என்ன என்று கேட்டார். முசியே முந்திக்கொண்டு, கலகம் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஆப்பக்கார அம்மாவைப் பார்த்தேன்.

"அன்னிக்கு எங்க தெருவுல பொணம் கெடந்துது. அதான் மூட்டல. இன்னிக்கு மூட்டிட்டோம். எண்ணிக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். என் உத்தியோக காலத்திலேயே நான் மகிழ்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது.

தலைவர் முசியே பக்கம் திரும்பினார். சாவு விழுந்தால் இவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை என்பது உண்மையா? முசியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மைதான், ஆனால் விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். உங்கள் வீட்டில் எப்படி என்று தலைவர் கேட்டார். முசியே கண்ணாடியை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். "எங்கள் வீட்டிலும்தான்" என்றார்.

"அப்படியானால் எண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் இருமிக்கொண்டே ஒரு தூண் பக்கம் ஒதுங்கினார். குடிசை இருக்கிற இடத்தில்தான் எண்ண வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்பதை நான் பணிவோடு எடுத்துச் சொன்னேன். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

முசியே எண்ணினார். அவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், எண்ணுவதில் மோசம் பண்ண மாட்டார். ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து, நெருப்பைப் பார்த்து, எழுதச் சொன்னார். கடைசி வரிசையின் ஓரத்தில், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஓர் அடுப்பு. அதில் நெருப்பு இல்லை. விறகுகூட இல்லை. அதன் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள், அன்று கணவனைப் பறிகொடுத்தவள். இரண்டு சின்னக் குழந்தைகள் அவள் முதுகில் சாய்ந்திருந்தன.

காரியம் முடியும் வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் சோறுதான். அது முடிய இன்னும் நாள் இருந்தது. சரியாகச் சொன்னால் அவள் வாசலைத் தாண்டியே வந்திருக்கக் கூடாது.

"எரியவில்லை" என்றார் முசியே. அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் சொன்னார். என் பேனா எழுதாமல் நின்றது.

ஆப்பக்கார அம்மா கரண்டியோடு எழுந்து வந்துவிட்டார். "அவ வெளிய வரக் கூடாதுதான் சாமி, நான்தான் இட்டாந்தேன். வூடே இல்லன்னா எங்க ஒக்காந்து துக்கம் காக்கறது?"

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் தூணைப் பிடித்து இருமிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த விதிகளை எல்லாம் மனதுக்குள் புரட்டினேன். துக்கத்துக்கு எதிலும் பத்தி இல்லை.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பக்கத்து அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளி ஒன்றை உருவி எடுத்து வந்து, தன் அடுப்புக்குள் செருகி, குனிந்து ஊதினாள். பக்கத்து அடுப்புக்காரி மறுபேச்சு இல்லாமல் தன் விறகில் இரண்டை அவள் பக்கம் தள்ளினாள். நெருப்பு பிடித்துக்கொண்டது. அவள் மறுபடி முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுப்பின் மேல் எதையும் வைக்கவில்லை.

முசியே குனிந்து பார்த்தார். "பானை இல்லையே?"

"காரியம் முடியாம ஒல வைக்க மாட்டேன் ஐயா" என்றாள், தரையைப் பார்த்தபடி. "நீங்க கேட்டது நெருப்புதான?"

முசியே தொப்பியைக் கழற்றினார். எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர் போல மறுபடி மாட்டிக்கொண்டார். "எரிகிறது. எழுதும்" என்றார். எழுதினேன்.

குடிசைகளை அந்த மழையில் இடிக்கவில்லை. மழைதான் சிலதை இடித்தது. வீடு வருவதற்கு இன்னும் எத்தனையோ கூட்டங்கள், எத்தனையோ முத்திரைகள். கடைசியில் வந்தது. மேட்டு நிலம், ஓட்டுக் கூரை, தெருவோடு ஒரே கோட்டில் முகப்பு எல்லாம் சொன்னபடி. அந்தப் பெண்ணுக்கும் ஒன்று கிடைத்தது, சாவியை நான்தான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து, "ஐயா, அடுப்பு எங்க வைக்கறது?" என்று கேட்டாள்.

எரிகிற அடுப்பை அவ்வளவு கண்டிப்பாக எண்ணிய குழு, ஒரு வீட்டிலும் அடுக்களை வரையவில்லை.

ஜனங்கள் அவரவர் பின்புறத்தில் ஓலைச் சாய்ப்பு இறக்கிச் சமைக்க ஆரம்பித்தார்கள். அதன் மேல் 'அனுமதியற்ற கட்டுமானம்' என்று ஒரு கோப்பு திறந்து என் மேசைக்கு வந்தது. அதை எவ்வளவு மெதுவாக நகர்த்த முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு விதியையும் கடைப்பிடித்து நகர்த்தினேன். நான் ஓய்வு பெற்றபோது அது இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

இப்போது நானும் ஆண்டுக்கு ஒரு தரம் வரிசையில் நிற்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று நானே நேரில் போய்க் காட்டிச் சான்று வாங்கினால்தான் ஓய்வூதியம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறான். வாய் வரைக்கும் கோபம் வரும். அந்த நேரமெல்லாம், தன் துக்கத்தையும் விடாமல், பிள்ளைகளின் கூரையையும் விடாமல், ஒன்றும் ஏற்றாத அடுப்பில் குனிந்து ஊதிய அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, என் முறை வரும் வரை நிற்கிறேன்.