ஊர் சொல்லிக் கூப்பிட்டேன்

காஞ்சிபுரத்தில் நான் நர்ஸாக இருக்கும் இலவசக் கண் மருத்துவமனைக்குக் கோவிந்தம்மாக்கள் நிறையப் பேர் வருவார்கள். அதனால் "திருப்புட்குழி கோவிந்தம்மா" என்று ஊரைச் சேர்த்துக் கூப்பிடுவது என் பழக்கம்.

போன வருடம், இரண்டு சமூகங்கள் மோதிக்கொண்ட ஒரு மலை மாவட்டத்துக்கு உதவிக்குப் போனேன். இரு தரப்பும் வந்துபோகும் ஒரே இடம் அங்கிருந்த தர்ம கண் மருத்துவமனைதான். முதல் நாளே ஒரு பெரியவரை ஊர் சொல்லி உரக்கக் கூப்பிட்டுவிட்டேன். கூடமே அடங்கிப்போனது. எதிர்த் தரப்பின் வீடுகளைக் கொளுத்திய ஊர் அது என்று உள்ளூர் நர்ஸ் காதில் சொன்னாள்.

பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுந்தவர் திசை தெரியாமல் நின்றார். எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீடு எரிந்துபோய் முகாமில் இருப்பவள். அவர் கையைப் பிடித்து, வழியில் கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே என்னிடம் கொண்டுவந்து விட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

இப்போது காஞ்சிபுரத்திலும் நான் டோக்கன் எண்ணைத்தான் கூப்பிடுகிறேன்.

"யாம்மா, எந்த ஊருன்னு கேக்காம நம்பரையே சொல்லிக்கினு இருக்கிற?" என்றார் போன வாரம் வந்த ஓர் அம்மா.

அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.