பிரேக் ஆயிலை யார் குடித்தது?

இம்மானுவேல் என் எதிர் வீட்டுக்காரர். கவரைப்பேட்டையில் எங்கள் தெரு குறுகலானது என்பதால் அவருடைய ஏழு இருக்கை வண்டி என் வீட்டு மதிலை ஒட்டித்தான் நிற்கும். சுற்றியுள்ள ஊர்களில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் காலையில் விடுவதும், மாலையில் திருப்பி அழைத்துவருவதும் அவர் பிழைப்பு. மதிலோரம் நடந்தவற்றை நான் நேரில் பார்த்தேன். சாலையில் நடந்தவை அவரும் அந்தப் பெண்களும் சொன்னவை. தனித்தனியாகக் கேட்டபோது ஒத்துப்போனவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். இம்மானுவேல் இரும்பு உருக்கும் ஆலையில் சுமை ஏற்றி, லாரியில் கிளீனராகி, பிறகு டிரைவராகிப் பல வருடம் கம்பி லோடு ஓட்டினார். லாரி காற்றழுத்த பிரேக்கால் நிற்கும் வண்டி. அதன் பிரேக்கில் ஆயில் என்ற பேச்சே இல்லை. முதுகுவலி வந்து லாரியை விட்டு இந்தப் பழைய காரை வாங்கியபோது, லாரியில் கற்றதையெல்லாம் அப்படியே இதற்கும் கொண்டுவந்தார்.

முதலில் எரிந்தது ஒரு சிவப்பு விளக்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், ஹேண்ட் பிரேக் போட்டால் எரியுமே, அதே விளக்கு. மேம்பாலத்திலிருந்து இறங்கித் திரும்பும்போது மட்டும் எரிந்து அணைந்தது.

"சார், திரும்பும்போது எரியுது, நேரா போனா அணைஞ்சிடுது. இது இன்னா சார் நியாயம்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து விட்டார். பிறகு ஏதோ ஒயர் உரசுகிறது என்று முடிவு செய்து, கண்ணில் பட்ட ஒயர்களுக்கெல்லாம் கறுப்பு டேப் சுற்றினார். விளக்கு எரிவது நிற்கவில்லை. டீக்கடையில் வேறொரு டிரைவர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. திரும்பும்போது டப்பாவுக்குள் ஆயில் ஒருபக்கம் ஒதுங்குகிறது, விளக்கு எரிகிறது. வாங்கி ஊற்றினார். விளக்கு அணைந்தது. வியாதி தீர்ந்துவிட்டது என்று நிம்மதியானார்.

சில வாரங்களில் மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினார். அது மூன்றாம் முறையும் நடந்தபோதுதான் அவருக்குக் குழப்பம் வந்தது. ஊற்றும் ஆயில் எங்கே போகிறது? கசிந்தால் தரையில் தெரிய வேண்டும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டியின் கீழே விரித்தார். விடிந்ததும் குனிந்து பார்ப்பார். அட்டை காய்ந்தே கிடக்கும். ஒருநாள் முன்சக்கரத்தருகே ஈரம் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, தெருநாயைத் தேடிக்கொண்டு போனார்.

அவர் மனைவி கிரேஸ் வாசலில் நின்று சிரித்தார். "ஆயில யாரு குடிக்கிறாங்கன்னு கண்டுபுடிச்சியா? நாய் குடிச்சிட்டுதான் போச்சுபோல."

"எலி ட்யூப கட்ச்சிருக்கும்."

"எலி கட்ச்சா ஒழுவாதா?"

 என்றாலும் அவர் பானெட்டுக்குள் அந்துருண்டை வைத்தார்.

இதற்கிடையே சத்தம் ஆரம்பித்தது. பிரேக்கைத் தொட்டால் 'கீச்' என்று மெல்லிய, காதைக் குடையும் சத்தம். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் சிப்காட் தூசிதான் காரணம். இருமல், துவைத்த சட்டையின் நிறம், ஓடாத மிக்சி, எதுவானாலும் சரி. இம்மானுவேலும் தூசி என்றே எண்ணிச் சக்கரங்களுக்குத் தண்ணீர் அடித்தார். ஈரம் இருக்கும்வரை சத்தம் கொஞ்சம் குறைந்தது. அதனால் தான் நினைத்தது சரி என்று நம்பினார். ஒருநாள் செல்போன் வெளிச்சத்தைச் சக்கரத்தின் ஓட்டை வழியே பாய்ச்சி, பிரேக் பேடு தெரிகிறதா என்று பார்த்தார். என்னையும் அழைத்துக் காட்டினார். பேடு பாதிக்கு மேல் தேயாமல் இருந்தது. நானும் பார்த்தேன்.

"பேடு நல்லாகீது. ஆயில் கொறையுது, ஒழுவல. தூசியக் கழுவனாலும் கீச்சுங்குது. எதுக்கும் எதுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வண்டியில் நடு இருக்கையில் உட்காருபவர் நர்மதா. "அண்ணா, உங்க வண்டி அழுவுது. இன்னான்னு கேளுங்க" என்று தினமும் சொல்வார். பக்கத்தில் ஸ்நேகா, "அதுக்கும் சம்பளம் பத்தலயோ இன்னாவோ" என்பார். வண்டி முழுக்கச் சிரிப்பார்கள். இம்மானுவேலும் சிரிப்பார்.

ஒரு காலை, சிப்காட் திருப்பத்துக்கு முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் சட்டென்று நின்றது. இம்மானுவேல் மிதித்தார். கீச் சத்தம் இல்லை. கல்லில் இரும்பை இழுத்ததுபோல் கரகரவென்று வேறொரு சத்தம். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, டிரெய்லருக்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றது.  ஸ்நேகாவின் சாப்பாட்டு டப்பா திறந்து காலடியில் கொட்டியிருந்தது.

தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் நர்மதா நின்றார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலத்துல இருந்து நான் ரயில்ல வந்துக்கறேன்."

"சரி பண்ணிடறேம்மா."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க. எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீதுங்கண்ணா."

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே மின்சார ரயில் ஓடுகிறது. நர்மதா போனால் மற்றவர்களும் போகலாம். வண்டிகளை எடுத்து நடத்தும் ஒப்பந்தக்காரர் மோகன்ராஜ், ஆள் குறைந்தால் காரணம் கேட்பவர். பிரேக் என்று காதில் விழுந்தால் அன்றே அந்த ரூட்டுக்கு வேறு வண்டி விட்டுவிடுவார். இம்மானுவேலுக்கு வேறு ரூட் கிடையாது.

அவர் இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தார். மெக்கானிக் பார்த்திபனுக்குப் போன் செய்து கையோடு வரச் சொன்னார். பார்த்திபன் ஆந்திர எல்லையோரப் பள்ளிப்பட்டுக்காரர், பேச்சில் தெலுங்கு வாசனை இருக்கும்.

இம்மானுவேல் குனிந்து வெளிச்சம் அடித்துக் காட்டினார். "பாரு, பேடு பாதி கீது."

"அது நீ பாக்குற பக்கம் நைனா. அந்தப் பக்கம் யாரு பாத்தது?"

பார்த்திபன் சக்கரத்தைக் கழற்றினார். ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேடு. நடுவில் சுழலும் வட்டை இரண்டும் இருபுறமும் கவ்வ வேண்டும். வெளிப்பேடு பாதி இருந்தது. உட்பேட்டில் ஒன்றுமில்லை, பின்பக்கத்து இரும்புத் தகடு மட்டும் பளபளவென்று மின்னியது. வட்டில் கோடு கோடாகப் பள்ளம். கவ்வும் அமைப்பு பக்கவாட்டில் நகர உதவும் கம்பி துருவும் தூசியுமாக இறுகிப்போய், உட்பேடு மட்டுமே தேய்ந்திருக்கிறது என்றார் பார்த்திபன். பிறகு அந்தப் பேட்டின் ஓரத்தில் வளைந்திருந்த சிறு தகட்டைக் காட்டினார்.

"பேடு தீர்றப்ப கத்தறதுக்குன்னே கம்பெனிக்காரன் இத வெச்சிக்கிறான். நீ தண்ணி ஊத்திக் குளிப்பாட்டிக்கினு இருந்திருக்க."

புதுப் பேடு தடிமனாக இருக்கும் அல்லவா? அதற்கு இடம் செய்ய, பேட்டை உள்ளிருந்து தள்ளும் பிஸ்டனைக் கருவி வைத்துப் பின்னுக்கு அழுத்தினார். பானெட்டருகே நின்ற இம்மானுவேல் பதறினார். "யோவ், டப்பாவுல ஆயில் மேல வருது. வழியுது."

"வழியட்டும். நீ ஊத்தனதுதான். பேடு தேயத் தேய பிஸ்டன் முன்னால வரும். அதும் பின்னால காலியாவுற எடத்துல ஆயில் போய் நிக்கும். எங்கியும் ஒழுவல, எலியும் குடிக்கல."

இம்மானுவேல் துணியால் துடைத்தபடி யோசித்தார். "அப்ப நான் ஊத்தனது தப்பா?"

"நீ ஊத்தி ஊத்தி லைட்ட அணைச்சிட்ட. ஊத்தாம இருந்தா அன்னிக்கே எங்கிட்ட வந்திருப்ப."

"அப்ப கொறைஞ்சா ஊத்தக்கூடாது."

"கொறைஞ்சா ஊத்தணும்."

"இப்பதானே கூடாதுன்ன."

"ஏன் கொறைஞ்சுதுன்னு பாத்துட்டு ஊத்து நைனா."

"வெளிய பாத்தா நல்லாகீது, உள்ள இல்ல. லைட்டு அணைஞ்சா சரியாவல. சத்தம் வந்தா தூசி இல்ல. அப்ப எத வெச்சுதான் தெரிஞ்சுக்கறது?"

"சக்கரத்தக் கழட்டி ரெண்டு பக்கமும் பாத்துதான்."

இரண்டு முன்சக்கரங்களுக்கும் வட்டும் பேடும் புதிதாகப் போட்டார்கள். முடித்ததும் இம்மானுவேல் மிதித்தார். பெடல் தரைவரை போனது.  இன்னும் சிலமுறை மிதி, பிஸ்டன் பேட்டைத் தொடட்டும் என்றார் பார்த்திபன். மிதிக்க மிதிக்கப் பெடல் இறுகியது. ஏன் இறுகியது என்பது தனக்குப் புரிந்ததா என்று இம்மானுவேலுக்கே நிச்சயம் இல்லை.

அன்று மாலை ஐந்து பேர்தான் ஏறினார்கள். மறுநாள் காலையும் ஐந்து பேர்தான். மோகன்ராஜ் போனில், "ஒருத்தங்க ஏன் வரல? நாளைக்குள்ள சொல்லு" என்றார்.

அன்று மாலை தொழிற்சாலை வாசலில் நர்மதா ரயிலுக்குப் போகாமல் ஸ்நேகாவைப் பிடித்து நிறுத்தினார். "எப்படிடி கீது வண்டி?"

"சத்தமே இல்லடி. முன்ன நிக்கப்போவுதுன்னா காதுல கேக்கும். இப்ப எப்ப நிக்கும்னே தெரியல. ஒரு மாதிரி கீது."

நர்மதா இம்மானுவேலைப் பார்த்தார். தகடு, பிஸ்டன், ஆயில் எல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்தாராம். எதில் தொடங்குவது என்று தெரியவில்லை.

"உள்பக்கமும் பாத்தாச்சும்மா" என்றார்.

"உள்பக்கம்னா?"

"நான் பாக்காத பக்கம்."

 நர்மதா ஏறினார்; நடுவில் உட்காராமல் கதவோரமாக உட்கார்ந்தார். சிப்காட் திருப்பத்தில் இம்மானுவேல் ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். மேம்பாலத்தில் இன்னும் குறைத்து இரண்டாம் கியருக்கு வந்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின.

"அண்ணா," என்றார் நர்மதா, "இப்படிப் போனா ரயில்ல போறவங்க ஊட்டுக்குப் போய்ச் சோறு வடிச்சிடுவாங்க."

அவர் மூன்றாம் கியருக்கு மாற்றினார்.