காளியப்பன் அண்ணன் சொன்ன ஆட்டம்

செடெனாக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய காளியப்பன் அண்ணனுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலேறி ஜொகூர் பாருவுக்குப் போய்விடுவார். "கோயிலுக்குக் கூப்பிட்டா கால் வலிக்குதுங்கிறாரு, பந்துன்னா மட்டும் வலிக்கல" என்று ஏசுவார் அவர் மனைவி அங்கம்மா அண்ணி. அண்ணன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

சாயங்காலம் அவர் திரும்பும்போது, கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயமே வாசலில் காத்திருக்கும். எங்களில் யாரும் ஜொகூர் பாருவின் பந்துத் திடலைப் பார்த்ததில்லை. அண்ணன் இரண்டு குடத்தை வைத்து அதுதான் கோல் என்பார். ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே ஓடிக் காட்டுவார், விழுந்து காட்டுவார். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்போம். வாரம் முழுக்கப் பட்ட பாடு அதில் மறந்துபோகும்.

முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்து சம்பளத்தைக் குறைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திடலைச் சுற்றித் தகரம் அடைத்து டிக்கெட் போட்டார்கள். அண்ணன் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தார். டிக்கெட் விலை மேலும் ஏறியது. ஒரு ஞாயிறு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தார். மறுவாரம் சட்டையை மாட்டவில்லை.

"யாரு செயிச்சா நமக்கென்னலா? ஆசை விட்டுப்போச்சு" என்றார்.

அதிகம் பயந்தது அண்ணிதான். "இப்பிடிக் கம்முனு ஒக்காந்திருக்கிறதுக்கு, பந்து பாக்கப் போறதே தேவல" என்றார். ஞாயிறுகளில் லயமும் பொழுது சாயுமுன்னே கதவைச் சாத்தியது. அந்தக் கதை இனி இல்லையே என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

பொறுக்கமாட்டாமல் நாங்கள் சில பேர், காய்ந்த ரப்பர் பாலைச் சுருட்டிப் பந்து செய்து, பெரட்டுக்களத்தில் உதைக்க ஆரம்பித்தோம். விடியற்காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் இடம் அது. எங்கள் ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்வதே பாவம். புல்லுக்கட்டோடு வந்த அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் எங்களைக் கடந்து போனார். கொஞ்ச தூரம் போய் நின்றார்.

"மணியம், எடது பக்கம் ஆளே இல்ல. அங்க தள்ளுடா."

தள்ளினேன், கோல் விழுந்தது. அண்ணன் புல்லுக்கட்டை இறக்கிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணியே குடங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "பந்து இப்ப மணியத்துக்கிட்ட..."

டிக்கெட் விலையை ஏற்றிய புண்ணியவான் யாரோ, அவருக்கும் சேர்த்து இன்றும் நன்றி சொல்கிறேன். அதுவரை என் பேரைக் கங்காணிதான் உரக்கக் கூப்பிடுவார், நானும் "வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாலுக்கு மரம் வெட்டப் போவேன். அன்று அதே பேரைக் கேட்டு லயமே கைதட்டியது. கூட்டத்தில் நின்ற என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காளியப்பா, அந்தப் பேர இன்னொருக்கா சொல்லு."