கராஜ் கதவு மூடியதா

ஹட்டனில் நாங்கள் கட்டிய வீடு சரிவில் இருக்கிறது. தெருமட்டத்தில் கராஜ், அதற்குள்ளிருந்தே சமையலறைக்கு ஏறும் படி. ரிமோட்டை அழுத்தினால் கராஜ் கதவு தானாக ஏறும், தானாக இறங்கும். கணவருக்கு வேலை கொழும்பில். வார நாட்களில் நானும் என் மகளும் மட்டும். காலையில் அவளை ஏற்றிக்கொண்டு நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்குப் போவேன்.

கதவு தரையைத் தொடும்வரை காரை நகர்த்தமாட்டேன். அப்படிப் பார்த்துவிட்டு வந்தாலும் பாதி வழியில் மனது அரிக்கத் தொடங்கும். மூடியதா? இரண்டு முறை காரைத் திருப்பியிருக்கிறேன். இரண்டு முறையும் மூடித்தான் இருந்தது. "அம்மா, நான்தான் பாத்தேனே!" என்று மகள் சலித்துக்கொள்வாள்.

தவணைப் பரீட்சை தொடங்கிய அன்று எங்களுக்குப் பிந்திவிட்டது. வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனிமூட்டம். ரிமோட்டை அழுத்தினேன், கதவு இறங்கத் தொடங்கியதைப் பார்த்தேன், கிளம்பிவிட்டேன். வழியில் அதே அரிப்பு. வழக்கமான பைத்தியம் என்று அடக்கிக்கொண்டேன். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கொடுக்கும்போதும் கண்ணுக்குள் அந்தக் கதவுதான் நின்றது.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். கதவு முழுதாக மேலே ஏறிக் கிடந்தது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் எதிர்வீட்டு அக்கா, மடியில் குடை, காலடியில் ஆய்ந்து முடித்த போஞ்சி.

அவரும் நானும் பேசி எட்டு மாதமாகிறது. எங்கள் கராஜ் கூரையின் மழைநீர் தெருவோர வடிகானில் நிரம்பி அவர் முற்றத்துக்குள் போனது பற்றிய சண்டை. நான் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருந்தேன்.

"பாதி எறங்குன கதவு திரும்ப ஏறிருச்சு டீச்சர்," என்றார், எழுந்து நின்று. "கூப்புட்டேன். நீங்க போயிட்டீங்க. நம்பரும் இல்ல எங்கிட்ட. பழைய இரும்பு வாங்குறவன் ரெண்டு தடவ எட்டிப் பாத்தான். அதான் ஒக்காந்துட்டேன்."

"காலையிலேர்ந்தா?"

"பின்ன? தொறந்து போட்ட வீட்ட உட்டுட்டா போறது?"

உள்ளே ஓடினேன். சமையலறைக் கதவிலும் நான் பூட்டுப் போட்டிருக்கவில்லை. எதுவும் அசைந்திருக்கவில்லை. இறங்கி வந்தபோது அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்துகொண்டிருந்தார். மறுநாள் அவருடைய மருமகள் சொல்லித்தான் தெரியும், அன்று அவருக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக். மாதத்துக்கு ஒரு நாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நுவரெலியாவிலிருந்து கதவு திருத்துபவரை வரவழைத்தேன். கதவின் இரு பக்கமும் கணுக்கால் உயரத்தில் இரண்டு சிறிய கண்ணாடிக் கண்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஏதாவது குறுக்கிட்டால் கதவு இறங்காமல் திரும்பிவிடும். ஒன்றில் ஈரம் படிந்து, மேலே சிலந்தி வலையும் கட்டியிருந்தது.

"இந்த சென்சரக் கழட்டிருங்க. கதவு மூடுனாப் போதும்," என்றேன்.

அவர் சென்சர் வேலைசெய்யாதபடி கம்பிகளைத் தற்காலிகமாக மாற்றி இணைத்தார். மூலையிலிருந்த வாளியைக் கதவுக்கு நேர்கீழே வைத்து, "இப்ப அமுத்துங்க," என்றார்.

கதவு இறங்கியது. வாளியைத் தொட்டும் நிற்கவில்லை. படீரென்று வாளி பிளந்தது. படியில் நின்ற மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவள் உயரம் அந்த வாளியைப் போல் மூன்று மடங்குதான் இருக்கும்.

"முட்டினா நிக்கணும், எவ்வளவு பலமா முட்டினா நிக்குங்குற அளவும் கூடிப்போயிருக்குங்க," என்றார் அவர். "கதவு ஓடுற தண்டவாளம் துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. நீங்க ஒருநாளும் எண்ண போட்டதில்லியா?"

இல்லை. கட்டிய நாளிலிருந்து ரிமோட் பட்டரியைத் தவிர நான் எதையும் மாற்றியதில்லை. கதவைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டிருக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

அவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போனார். இப்போது ஞாயிறுதோறும் உலர்ந்த துணியால் அந்தக் கண்களைத் துடைக்கிறேன். மாதம் ஒருமுறை தண்டவாளத்தில் துருவைத் தேய்த்து, கீல்களுக்கு எண்ணெய் விடுகிறேன். காலி அட்டைப் பெட்டியை நடுவில் வைத்து, கதவு திரும்பி ஏறுகிறதா என்று பார்க்கிறேன். கரண்ட் போனால் கையால் திறக்க எந்தக் கயிற்றை இழுப்பதென்று மகளுக்கும் காட்டியிருக்கிறேன். சமையலறைக் கதவுக்குத் தனிப் பூட்டு.

அடுத்த கிளினிக் நாளில் லீவு போட்டு அக்காவைக் காரில் கூட்டிப்போனேன். திரும்பும்போது நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"கான் வேலைக்கு மேசன வரச் சொல்லிட்டேன்க்கா. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"ஆமா, பேசியிருக்கக் கூடாது," என்றார் நேராக. பிறகு சிரித்தார்.

இன்னொரு ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேணாங்க. அது எங்கிட்ட இருந்தா எனக்கும் ஒங்களப் போல மூடுச்சா மூடலியான்னே ஆயிரும். நம்பரக் குடுங்க, போதும்."

இப்போதெல்லாம் நான் கிளம்பியதும் அவரிடமிருந்து அழைப்பு வரும். "மூடிருச்சு டீச்சர்," அவ்வளவுதான். சில நாள் டயகம போகும் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்வேன், போன் அடிக்காது. அவருக்கு உடம்புக்கு ஏதுமோ, சிக்னல் இல்லையோ, கதவுதானோ என்று மனது ஒவ்வொன்றாகத் தாவும். காரைத் திருப்ப இடம் தேடுவேன்.

"அம்மா, நேராப் போங்க," என்பாள் மகள்.